மலையில் இருந்தபடி ஆன்லைன் கடை போட: முதலில் பொட்டலம், கடைசியில் வெப்சைட்

கொடைக்கானல் மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காடு பக்கமிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்கிறார்கள். "அக்கா, ஆன்லைன்ல பூண்டு விக்கணும், வெப்சைட் யாரு செஞ்சு குடுப்பாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ஒரு கிலோவ நாகர்கோவிலுக்கு அனுப்பிப் பாத்தியா தம்பி?" பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது.

கொடைக்கானலில் வீட்டு முன்னறையை வைத்துக்கொண்டு ஆறு வருடமாக மலைப்பூண்டு, தாண்டிக்குடிக் காபித்தூள், தேன் மூன்றையும் ஆன்லைனில் விற்று வருகிறேன். இதில் வெப்சைட் செய்தது மூன்றாவது வருடத்தில். அதற்கு முன்னால் கற்றுக்கொண்டது எல்லாம் பொட்டலத்தைப் பற்றித்தான். இந்த வரிசையை மாற்றிப் போட்டு, வெப்சைட்டுக்கு முப்பதாயிரம் கொடுத்துவிட்டு அப்புறம் பெட்டி தேடியவர்களை எனக்குத் தெரியும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு எந்த வரிசையில் சொல்வேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

எதை விற்பது

ஒரே ஒரு பொருளில் ஆரம்பியுங்கள். நம் மலையில் கிடைப்பதையெல்லாம் முதல் நாளே பட்டியல் போட ஆசை வரும், பிளம்ஸ், பேரி, பட்டர் ஃப்ரூட், சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் என்று. ஆனால் ஒரு பொருள் விற்குமா என்று பார்ப்பதற்கு முன்னால் அது மூன்று நாள் சாக்குமூட்டைக்கு அடியில் கிடந்து, கத்திரி வெயிலில் வேனுக்குள் வெந்து, அப்புறமும் நல்லபடியாக இருக்குமா என்று பாருங்கள். சாக்லேட்டில் இருக்கும் கோக்கோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில். சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் வெயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஐஸ் பொதி வைத்து அனுப்பலாம், அதற்கான செலவும் அனுபவமும் வந்த பிறகு. தைலம் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் விமானத்தில் போகும் பார்சலில் எடுக்க மாட்டார்கள். பழம் கனிந்து கசிந்தால் பக்கத்துப் பார்சலும் கெடும்.

பூண்டு, காபி, தேன், காய்ந்த மிளகு, இவை பயணத்தைத் தாங்கும். அதிலும் பூண்டுக்கு ஒரு பலம் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம்) கிடைத்தது, அதனால் வெளியூர்க்காரர் பெயரைச் சொல்லியே தேடுகிறார். அதே காரணத்தால் வட மாநிலத்துப் பூண்டைக் கொண்டுவந்து நம் பெயரில் விற்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு மூட்டைகூட அப்படிக் கலக்காதீர்கள். நேரில் வாங்குகிறவர் உரித்து மோந்து பார்த்துத் தெரிந்துகொள்வார். ஆன்லைனில் வாங்குகிறவருக்கு உங்கள் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

பத்துப் பொட்டலம்

கடை திறக்கும் முன் பத்துப் பொட்டலம் கட்டி, பத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரர், நண்பர்களுக்கு அனுப்புங்கள். சென்னை, கோவை, தூத்துக்குடி, ஒன்று பெங்களூர், ஒன்று ஏதாவது குக்கிராமம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ, பிரித்த பிறகு ஒரு போட்டோ, வந்து சேர்ந்த நாள், வீட்டுத் தராசில் எடை. இந்த நான்கையும் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தச் செலவை நஷ்டம் என்று நினைக்க வேண்டாம், இதைச் செய்யாமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை அதிகம்.

ஒரு ஐப்பசியில், நான்கு நாள் விடாமல் மழை, வந்த ஆர்டர் கெட்டுப்போகக் கூடாதே என்ற அவசரத்தில் சரியாகக் காயாத பன்னிரண்டு கிலோ பூண்டை ஒவ்வொரு கிலோவாக பிளாஸ்டிக் கவரில் காற்றுப் போகாமல் சீல் செய்து சென்னைக்கு அனுப்பினேன். மழையில் ரோடு அடைத்து ஐந்து நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வீட்டிலிருந்தும் போட்டோ வந்தது: கவருக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர், பூண்டின் அடியில் வெள்ளை வேர், சிலதில் பச்சைப் பூஞ்சை. பன்னிரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்களில் நான்கு பேர் இன்றும் வாங்குகிறார்கள்.

அப்போதிருந்து எங்கள் வீட்டில் பெட்டிக்குப் போகும் ஒவ்வொரு பூண்டும் அத்தையின் கையைத் தாண்டித்தான் போகும். பரணில் புகை ஏறிக் காய்ந்த பூண்டுக்கட்டுகளை இறக்கி, தண்டை நறுக்கி, பூண்டின் கழுத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. நெகிழ்ந்து கொடுத்தால் திரும்பப் பரணுக்கு. மேல்தோல் சரசரவென்று உதிர்ந்து கழுத்து விறகுக் குச்சி போல நின்றால் பெட்டிக்கு. ஒரு கிலோவுக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பற்றி

பூண்டுக்கு வலைப்பையோ மெல்லிய துணிப்பையோ, அதை வைக்க இரண்டு பக்கமும் விரல் நுழையும் துளை போட்ட அட்டைப்பெட்டி. இடைவெளியை நிரப்பக் கசக்கிய பழுப்புத்தாள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை, நம் ஊரில் கெடுபிடி இன்னும் அதிகம், அதனால் ஆரம்பத்திலேயே தாளுக்குப் பழகுவது நல்லது. அச்சடித்த செய்தித்தாள் மட்டும் உணவுப் பொருளின் மேல் நேராகப் படக் கூடாது, மை ஒட்டும்.

இனி, புதியவர்கள் கவனிக்காத ஒன்று. கூரியர்காரர் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் வாங்குகிறார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். அதில் வரும் எண்ணும் தராசு காட்டும் எடையும், எது பெரிதோ அதற்குத்தான் பில். கையில் கிடைத்த 30 × 20 × 20 பெட்டியில் ஒரு கிலோ பூண்டைப் போட்டால் 12,000 வகுத்தல் 5000, அதாவது 2.4 கிலோவுக்குப் பணம் கட்டுவீர்கள். அதே பூண்டு 20 × 15 × 10 பெட்டியில் தாராளமாக அடங்கும், அதன் கணக்கு 0.6 கிலோ, அப்போது தராசு எடைக்கு மட்டும் கட்டினால் போதும். வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ பெட்டி செய்கிறவரிடம் உங்கள் அளவைச் சொல்லி நூறு பெட்டி அடித்து வாங்குங்கள். பழைய பெட்டியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கூரியரில் இழக்காதீர்கள்.

காபித்தூள், தேன் அனுப்புகிறவர்களுக்கு மலைக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. கீழே இருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் நம் கடைகளில் பலூன் மாதிரி உப்பித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கே 2100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. நாம் இங்கே சீல் செய்த பை கீழே போகும்போது தலைகீழாக நடக்கும், சப்பிப்போய்ச் சேரும். வாங்கியவர் "பை ஓட்டையா?" என்று கேட்பார். லேபிளிலேயே ஒரு வரி எழுதி விட்டால் அந்தப் போன் வராது. புதிதாக வறுத்த காபி வாயுவை வெளிவிடும், அதற்கு ஒருவழி வால்வு வைத்த பை வாங்குங்கள். மூட்டம் இறங்கிய நேரத்தில் தூளைத் திறந்து வைத்துப் பொட்டலம் போடாதீர்கள், அரை மணியில் ஈரம் இழுத்துவிடும். தேன் குளிரில் உறையும், அடியில் சர்க்கரை மாதிரி படியும். கலப்படம் என்று சண்டைக்கு வருவார்கள். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

விலை போடும் கணக்கு

தேனிப் பக்கத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தை விலையோடு ஐம்பது ரூபாய் சேர்த்துப் போடுவது விலை இல்லை. ஒரு கிலோவை வைத்துச் சொல்கிறேன். பூண்டு விலை வாராவாரம் ஏறி இறங்கும், இந்த எண்களைப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியது 300 ரூபாய். தோல், பொடி, அழுகல், காய்ந்ததில் குறைந்த எடை எல்லாம் சேர்த்து நூற்றுக்கு எட்டு போகும், அப்போது விற்க மிஞ்சும் ஒரு கிலோவுக்கு அசல் 326 (300 வகுத்தல் 0.92). பெட்டி, பை, டேப், லேபிளுக்கு 30. டவுனுக்கு வண்டிச் செலவைப் பத்துப் பார்சலுக்குப் பிரித்தால் 10. கூரியர் 100. 600 ரூபாய்க்கு விற்றால் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும், ஏறக்குறைய 14. கெட்டுப்போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றுக்காக ஒவ்வொரு பார்சலிலும் 18 ஒதுக்கி வையுங்கள். ஆக 498. இதில் உங்கள் கூலி இன்னும் இல்லை. தரம் பிரிக்க, கட்ட, பதில் சொல்ல ஒரு பார்சலுக்கு 40 வைத்தால் 538. மிச்சம் 62 ரூபாய்.

உங்கள் கூலியை எழுதாமல் விடாதீர்கள். வீட்டுப் பெண்கள் செய்யும் கடைகளில் இந்த வரிதான் எப்போதும் காணாமல் போகிறது, இரண்டு வருடம் கழித்து "உழைப்புத்தான் மிச்சம்" என்று கடையை மூடுகிறார்கள். எனக்கு அது மனதுக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டால் இன்னொன்றும் தெரியும்: அரைக் கிலோ விற்பதில் லாபம் இல்லை, ஏனென்றால் கூரியர் பாதியாகக் குறையாது. இரண்டு கிலோவும், பூண்டோடு காபித்தூளும் சேர்ந்த பெட்டியும்தான் கடையைத் தூக்கி நிறுத்தும். ஒரு பொருளில் ஆரம்பித்தாலும், ஆறு மாதம் கழித்து இரண்டாவது பொருளைச் சேருங்கள் என்று சொல்வது இதனால்தான். அப்புறம், கிலோவுக்கு இருபது முப்பது கிராம் கூடுதலாகப் போடுங்கள். பூண்டு போகிற வழியிலும் காயும், வாங்கியவர் வீட்டில் தராசு இருக்கும்.

காகித வேலைகள்

பயப்படும் அளவுக்கு இல்லை. சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், ஆதார் எண் வைத்து அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம், காசு கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். பூண்டை வாங்கிப் பொட்டலம் போட்டு விற்றாலும், காபி, தேன் விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசுத் தளத்தில் விண்ணப்பம், சிறு வியாபாரிக்கான அடிப்படைப் பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். வரும் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும்.

லேபிளில் இன்னும் என்னென்ன: பொருளின் பெயர், நிகர எடை, பொட்டலமிட்ட மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, உங்கள் முழு முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண். காபியில் சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று எழுதியே ஆக வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தராசுக்கு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் முத்திரை வைத்துக்கொள்ளுங்கள், பொட்டலமிடுபவர் பதிவையும் அங்கேயே கேளுங்கள்.

ஜிஎஸ்டியில் எல்லாரும் குழம்பும் இடம் ஒன்று. மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு வருடத்துக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு பாக்கெட் ஆனாலும் பதிவு வேண்டும். உலர்த்தாத, பச்சையாக விற்கும் காய்கறி வகைக்கு வரி இல்லை; பரணில் காய்ந்த பூண்டு அதில் சேருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்த காபித்தூளுக்கு 5 சதவீதம் உண்டு. ஆகவே பெங்களூருக்குக் காபித்தூள் அனுப்ப ஆரம்பிக்கும் முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் பதிவு இல்லாத சிறு வியாபாரியும் தன் மாநிலத்துக்குள் மட்டும் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி செய்திருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும்.

"பூண்டு கொழுப்பைக் கரைக்கும், தேன் சர்க்கரை நோயைத் தீர்க்கும்" என்றெல்லாம் எழுதி விற்காதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம்.

கடையின் முகம்

முதல் ஐம்பது ஆர்டருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும். இலவசம், அதிலேயே படம், விலை போட்டுப் பட்டியல் வைக்கலாம், பேசியே விற்கலாம். ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று இங்கேதான் தெரியும். "தோல் உரிக்க லேசா இருக்குமா?", "ஊறுகாய்க்கு ஆகுமா?", "எத்தனை நாள் தாங்கும்?" என்று திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை எழுதி வைத்தால், பின்னால் வெப்சைட்டில் போட வேண்டிய விவரம் முழுக்கத் தயாராகிவிடும்.

படத்துக்குக் கேமரா வாங்க வேண்டாம். காலை எட்டு ஒன்பது மணிக்கு லேசான மூட்டம் இருக்கும்போது வாசல் திண்ணையில் வைத்து எடுங்கள், நிழல் விழாது, நிறம் மாறாது, காசு கொடுத்து விளக்கு வாங்கினாலும் இந்த வெளிச்சம் வராது. ஒரு படத்தில் பூண்டு உங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும், அளவு தெரியும். உரித்த பல் ஒரு படம், பெட்டி ஒரு படம். நெட்டில் கிடைக்கும் படத்தைப் போடாதீர்கள்.

வெப்சைட் போடும் நாள் வந்ததும், ஆன்லைன் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபையோ வூகாமர்ஸோ எதுவானாலும், டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் பதிவு செய்யுங்கள். கடை நன்றாக ஓடும்போது செய்து கொடுத்தவரோடு மனஸ்தாபம் வந்து, டொமைன் அவர் பெயரில் இருந்ததால் நான்கு வருடப் பெயரையே இழந்த ஒரு குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பொருளின் பெயரைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள்.

பணம் வாங்குவது

யூபிஐ எளிது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பக் கூடாது, வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும். "ராணுவ கேம்ப்புக்கு ஐம்பது கிலோ வேணும், இந்த கியூஆரை ஸ்கேன் செய்யுங்க, பணம் வரும்" என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு நம் பின் நம்பர் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பொருள் வந்ததும் பணம் என்ற முறையை முதல் வருடம் வைக்காதீர்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போன கூலி, வந்த கூலி இரண்டும் உங்கள் தலையில், பூண்டும் பத்து நாள் பெட்டிக்குள்ளேயே சுற்றிவிட்டு வரும்.

அனுப்பும் நாள்

தினமும் அனுப்ப வேண்டியதில்லை. நான் திங்கள், புதன் மட்டும் அனுப்புகிறேன், அதைக் கடையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். வெள்ளியன்று அனுப்பினால் ஞாயிறு ஏதாவது ஒரு குடோனில் மூச்சுமுட்டிக் கிடக்கும். ஸ்பீடு போஸ்ட், தனியார் கூரியர் இரண்டிலும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வேகம், ஆனால் சின்ன ஊர்களுக்குப் போகாமல் "வந்து எடுத்துக்கோங்க" என்பார்கள். தபால்காரர் வீட்டு வாசல் வரைக்கும் போவார். எங்கள் பூண்டு கமுதிக்கும் கல்வராயன் மலைக்கும் போய்ச் சேர்வது தபாலில்தான். கிடைத்த 13 எழுத்து டிராக்கிங் எண்ணை அன்றைக்கே வாங்கியவருக்கு அனுப்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழும், மண் சரியும், கரண்டு போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது என்ன ஆனது என்று இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். மே மாதத்தில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே கூரியர் வேனும் மணிக்கணக்கில் நிற்கும். இந்த இரண்டு பருவத்திலும் "மூன்று நாளில் வரும்" என்று எழுதியிருப்பதை "ஏழு நாள் வரை ஆகலாம்" என்று மாற்றிவிடுங்கள். ரோடு அடைத்துவிட்டால் ஆர்டர் போட்ட எல்லாருக்கும் அன்று மாலையே, அவர்கள் கேட்பதற்கு முன்னால், ரோட்டின் போட்டோவோடு ஒரு செய்தி அனுப்புங்கள். கோபப்பட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, சிலர் "நீங்க பத்திரமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

புகார் வந்தால்

எனக்கு ஒரு விதி: 48 மணி நேரத்துக்குள் படம் அனுப்பினால், கேள்வி கேட்காமல் பணமோ வேறு பொட்டலமோ. விலையில் 18 ரூபாய் ஒதுக்கியது இதற்குத்தான். பொய் சொல்லி வாங்குகிறவர் இருக்கத்தான் செய்வார், நூற்றில் ஒருவருக்காக மீதி தொண்ணூற்றொன்பது பேரைச் சந்தேகப்பட்டுப் பேசினால் கடை நிற்காது. பதில் மட்டும் அன்றைக்கே போக வேண்டும்.

கடைசியாக ஒரு நோட்டு. பெயர், ஊர், எத்தனை கிலோ, எந்த மாதம், எதற்காக வாங்கினார் என்று எழுதுங்கள். என் நோட்டில் "பிரசவத்துக்கு", "ஊறுகாய்", "அப்பாவுக்கு" என்றெல்லாம் இருக்கும். விளம்பரத்துக்குச் செலவு செய்த காலமும் உண்டு, இப்போது அறுவடை முடிந்து பரணிலிருந்து முதல் கட்டு இறங்கியதும் நோட்டைத் திறந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு செய்தி அனுப்புகிறேன், "புதுப் பூண்டு வந்துருச்சு, போன தடவை ரெண்டு கிலோ வாங்குனீங்க" என்று. அன்று சாயங்காலத்துக்குள் பாதிப் பெட்டி தீர்ந்துவிடும், அத்தை அடுத்த கட்டை இறக்கிக் கழுத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்.